கைரேகையும் வாக்குறுதியும்: தம்பி நாயுடுவின் வாழ்க்கை

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில் சிராங்கூன் சாலையோரம் நடந்து கொண்டிருந்தேன். எதிரே சீருடை அணிந்த இருவர் வந்தார்கள். எனக்கு முன்னால் போய்க் கொண்டிருந்த ஓர் அண்ணன், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், சட்டென்று சட்டைப் பையிலிருந்து தமது வொர்க் பெர்மிட் அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக் கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சீருடைக்காரர்கள் ஏதோ பேசிச் சிரித்தபடியே அவரைக் கடந்து போனார்கள். அவர் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துக் கொண்டு நடந்தார்.

கேட்பதற்கு முன்பே அட்டையை எடுத்த அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. காரணம், என் பாட்டியின் கையும் அப்படித்தான். மலேசியாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கடைசி வரைக்கும் சிவப்பு ஐ.சி.தான். நீல நிற ஐ.சி. குடிமக்களுக்கு, சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு. பிறந்த மண்ணிலேயே நிரந்தரவாசி! மூன்று முறை மனுப் போட்டும் நிறம் மாறவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, பன்னிரண்டு வயதில் கட்டைவிரல் ரேகை பதிந்து என் நீல ஐ.சி.யை வாங்கி வந்தேன். பாட்டி அதை வாங்கி முந்தானையில் துடைத்துப் பார்த்தார். எனக்கோ அது பள்ளியில் எல்லாருக்கும் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான்.

தேக்காவில் ரேஸ் கோர்ஸ் லேனில் காந்தி நினைவு மண்டபம் இருக்கிறது. 1950இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட கட்டடம். காந்தியடிகள் என்றதும் உப்பு நமக்கு நினைவுக்கு வருகிறது, கதர் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் சத்தியாக்கிரகம் என்னும் ஆயுதத்தை முதன்முதலில் எடுத்தது எதற்கு எதிராக? ஓர் அடையாளச் சான்றிதழுக்கு எதிராக! அந்தப் போராட்டத்தில் அவருக்கு வலக்கரமாக நின்றவர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் தம்பி நாயுடு. தென்னாப்பிரிக்க வரலாற்றைப் படித்தவர்கள் பலருக்கும் தெரிந்த பெயர். நம் பாடநூல்களில் மட்டும் தில்லையாடி வள்ளியம்மைக்குக் கிடைத்த ஒரு பத்தி கூட இவருக்குக் கிடைக்கவில்லை.

மொரிசியஸில் பிறந்த தமிழர்

கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு 1875இல் மொரிசியஸ் தீவில் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து குடியேறியவர்கள். 1889இல், ஏறக்குறைய பதினான்கு வயதில், தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். பின்னர் டிரான்ஸ்வாலின் தங்கச் சுரங்க நகரமான ஜொகனஸ்பர்க்கில் தங்கி, சரக்கு வண்டித் தொழிலும் சிறு வணிகமும் செய்தார். வீரம்மாளை மணந்து பிள்ளைகள் பெற்றார்.

அவர் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். ஆனாலும் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவார், எழுதுவார். இலக்கணப் பிழை இருக்கும், தயக்கம் இருக்காது. தமிழையும் தாமாகவே கற்றுக்கொண்டார். இந்துஸ்தானி பேசுவார், தெலுங்கு ஓரளவு தெரியும், மொரிசியஸின் கிரியோல் மொழியும் கைவந்தது. இத்தனையும் வாழ்க்கை கற்றுக் கொடுத்த பாடம். மேடையில் தலைமை தாங்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளைத் தூக்கி அடுக்குவார். தெருவில் மூட்டை சுமக்க வேண்டுமென்றால் சுமப்பார். நூறு பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் அடுப்பை மூட்டுவார். இரவெல்லாம் விழித்திருந்தாலும் மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நிற்பார்.

குறையே இல்லாதவரா என்றால், இல்லை. முன்கோபக்காரர். அந்தக் கோபமும் அவசரமும் மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைமையை அவரே ஏற்றிருப்பார் என்று பின்னாளில் காந்தியடிகள் எழுதினார். இந்தக் குறை தெரிந்த பிறகுதான் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது. அடித்தால் திருப்பி அடிக்கும் சுபாவம் கொண்ட ஒருவர், அடிபடுவதையே ஆயுதமாகக் கொண்ட போராட்டத்தில் முன்னால் நின்றார். அவர் வென்ற முதல் எதிரி அவருடைய கோபம்தான்.

கறுப்புச் சட்டம்

1902இல் போயர் போர் முடிந்து டிரான்ஸ்வால் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அங்கே வாழ்ந்த இந்தியர்கள் புதிதாகப் பதிந்து கொள்ள வேண்டும் என்று ஆட்சியாளர் மில்னர் பிரபு 1903இல் கேட்டுக் கொண்டார். ஒரு முறை பதிந்துவிட்டால் போதும், அதன்பின் மறுபடி பதிய வேண்டியதில்லை, அந்தப் பதிவே அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது அவர் தந்த உறுதி. மக்கள் நம்பிப் பதிந்தார்கள்.

மூன்றே ஆண்டுகளில் அந்த உறுதி காற்றில் போனது. 1906 ஆகஸ்டில் டிரான்ஸ்வால் அரசிதழில் ஒரு புதிய சட்டத்தின் வரைவு வெளியானது. இந்தியர், சீனர் உள்ளிட்ட ஆசியர்கள் எட்டு வயதுக்கு மேற்பட்டிருந்தால் மீண்டும் பதிய வேண்டும். விரல் ரேகைகளைக் கொடுக்க வேண்டும். சான்றிதழை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். காவலர் எங்கே கேட்டாலும் காட்ட வேண்டும். அது இல்லையென்றால் வியாபார உரிமம் இல்லை. மறுப்போருக்கு அபராதம், சிறை, நாடு கடத்தல். பெண்களையும் சேர்த்தே வரைவு எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு பெண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். மக்கள் இதற்கு வைத்த பெயர் கறுப்புச் சட்டம்.

விரல் ரேகையில் என்ன இருக்கிறது என்று இன்றைய நாம் கேட்கலாம். தினமும் பத்து முறை கைப்பேசியில் விரலை வைக்கிறோமே! அன்றைய நிலை வேறு. விரல் ரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறை பிரிட்டிஷ் இந்தியாவின் வங்காளத்தில் உருவானது. 1897இல் கல்கத்தாவில் காவல்துறையின் ரேகைப் பிரிவு தொடங்கியது. அதற்கு வழி வகுத்த எட்வர்ட் ஹென்றியே 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து காவல்துறையை ஒழுங்குபடுத்தினார். காந்தியடிகள் ஹென்றியின் நூலைத் தேடிப் படித்தார். பத்து விரல்களின் ரேகையும் குற்றவாளிகளிடம்தான் கேட்கப்படுகிறது என்று கண்டுகொண்டார். ஆக, எந்தக் குற்றமும் செய்யாத ஓர் இனத்தையே, எட்டு வயதுக் குழந்தை உட்பட, சந்தேகப் பட்டியலில் வைப்பதுதான் சட்டத்தின் பொருள்.

1906 செப்டம்பர் 11 அன்று ஜொகனஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் கூடி, இச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுளைச் சாட்சியாக வைத்து உறுதி எடுத்தார்கள். லண்டனுக்குத் தூது சென்றார்கள். அரசர் ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஆனால் 1907இல் டிரான்ஸ்வாலுக்குத் தன்னாட்சி கிடைத்ததும் புதிய நாடாளுமன்றம் அதே சட்டத்தை நிறைவேற்றிக் கொண்டது. ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

மறியல் தலைவர்

பதிவு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் வாசலில் மறியல் தொண்டர்கள் நின்றார்கள். ஜொகனஸ்பர்க்கில் அவர்களை வழிநடத்தியவர் தம்பி நாயுடு. தொண்டர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டளை எளிமையானது: பதிய வருபவரிடம் சட்டத்தை விளக்கிச் சொல்லலாம், தடுக்கக் கூடாது, திட்டக் கூடாது. மீறிப் போக விரும்பினால் வழி விட வேண்டும். காவலர் கைது செய்தால் மறுக்காமல் போக வேண்டும். முன்கோபக்காரர் ஒருவர் இந்தக் கட்டளையைப் பிறருக்குக் கற்றுக் கொடுத்துக் கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

விளைவு? 1907 நவம்பர் முடியும்போது டிரான்ஸ்வாலின் ஏறத்தாழ 13,000 இந்தியர்களில் பதிந்தவர்கள் 511 பேர்தான்.

இங்கே நாம், அதிலும் சிங்கப்பூரில் படிக்கும் நாம், கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் போராட்டத்தில் தமிழருக்குத் தோளோடு தோள் நின்றவர்கள் சீனர்கள். சட்டம் அவர்களையும் தாக்கியது. அவர்களுடைய தலைவர் லியுங் குவின். தெரியாமல் பதிந்துவிட்ட ஒரு சீன இளைஞர், தாம் செய்தது என்ன என்று அறிந்ததும் அவமானம் தாங்காமல் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார். அவருடைய கல்லறை ஜொகனஸ்பர்க்கில் இருக்கிறது.

1907 டிசம்பர் இறுதியில் காந்தியடிகள், தம்பி நாயுடு, லியுங் குவின் ஆகியோர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, டிரான்ஸ்வாலை விட்டு வெளியேறுமாறு உத்தரவிடப்பட்டார்கள். யாரும் வெளியேறவில்லை. 1908 ஜனவரியில் சிறை. ஜொகனஸ்பர்க் குன்றின் மேல் இருந்த கோட்டைச் சிறை அது. இன்று அதே வளாகத்தில்தான் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் நடக்கிறது.

தாமாகக் கொடுத்த ரேகை

சிறை நிரம்பியது. அரசு இறங்கி வந்தது. அமைச்சர் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1908 ஜனவரி 28 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் மூவர்: காந்தியடிகள், லியுங் குவின், தம்பி நாயுடு. இந்தியரும் சீனரும் கட்டாயத்தின் பேரில் அல்லாமல் தாமாக முன்வந்து பதிந்து கொள்வார்கள். அதற்கு ஈடாகக் கறுப்புச் சட்டம் நீக்கப்படும். இதுவே தலைவர்கள் புரிந்து கொண்ட உடன்பாடு.

சமூகத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. நேற்று வரை கொடுக்காதே என்றவர்கள் இன்று கொடு என்கிறார்களே, விலை போய்விட்டார்களோ என்ற ஐயம் எழுந்தது. கேள்வி நியாயமானதே. அவர்கள் சொன்ன பதில் இது: மிரட்டிப் பறிப்பது வேறு, மனமுவந்து தருவது வேறு. ரேகை ஒன்றுதான், தாளும் ஒன்றுதான். ஆனால் தருகிறவனின் நிலை மாறிவிடுகிறது. படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று சலுகை இருந்தது. ஏழைகள் மட்டும் விரலைப் பதிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று காந்தியடிகள் தாமும் ரேகை கொடுக்க முன்வந்தார்.

பிப்ரவரி 10 காலை. காந்தியடிகள், ஈசோப் மியா, தம்பி நாயுடு ஆகியோர் பதிவு அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவருடைய கூட்டாளிகளும் மறித்தார்கள். தடி காந்தியடிகளின் தலையில் இறங்கியது. அவர் மயங்கி விழுந்தார். விழுந்த பிறகும் அடியும் உதையும் நிற்கவில்லை. தம்பி நாயுடு இடையே பாய்ந்து அடிகளைத் தம்மேல் வாங்கிக் கொண்டார். அவருக்கும் பலத்த காயம். அன்று அவர் திருப்பி அடித்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் அன்று அவர் தடுத்தார், தாங்கினார்.

இரும்புக் கொப்பரை

இரத்தம் சிந்திப் பதிந்த பதிவுக்கு என்ன கிடைத்தது? ஸ்மட்ஸ் சட்டத்தை நீக்கவில்லை. அப்படி ஒரு வாக்குறுதியே தரவில்லை என்றார். மில்னர் தந்த உறுதி போன வழியிலேயே இதுவும் போனது.

1908 ஆகஸ்ட் 16. ஜொகனஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடல். மூன்று கால் வைத்த பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று மேடையருகே வைக்கப்பட்டது. மக்கள் தாமாக முன்வந்து பெற்ற சான்றிதழ்கள் அதில் குவிந்தன. மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிந்தன என்பது காந்தியடிகள் தரும் கணக்கு. அந்தக் கூட்டத்தில் மீர் ஆலமும் இருந்தார். தாம் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்; காந்தியடிகள் அவருடைய கையைப் பற்றினார்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தம்பி நாயுடுவும் தோழர்களும் எரித்தது தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றை அல்ல; தாங்களே விரும்பிக் கொடுத்த ஒன்றை. அடையாளம் என்பதையே அவர்கள் வெறுக்கவில்லை. சட்டம் நீக்கப்பட்டிருந்தால் அந்தச் சான்றிதழைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். வாக்குறுதி முறிந்ததால்தான் தாள் எரிந்தது.

கொடுத்த விலை

தீயை மூட்டுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகு வந்த ஆண்டுகள்தான் கடினமானவை. சான்றிதழ் இல்லாமல் உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் தெருவில் கூடை தூக்கி விற்றால் சிறை. தம்பி நாயுடு வேண்டுமென்றே உரிமமின்றி விற்று உள்ளே போனார். வெளியே வந்ததும் மறுபடி விற்றார், மறுபடி போனார். போராட்டம் முடிவதற்குள் பத்து முறைக்கும் மேல் சிறை கண்டவர் அவர். 1908இல் அவர் சிறையில் இருந்த வேளையில் வீரம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. குழந்தை இறந்தே பிறந்தது. அத்துடன் நிறுத்திக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அவர்கள் இருவரும் நிறுத்தவில்லை.

நாள் செல்லச் செல்லப் பெரிய வணிகர்கள் பலர் சோர்ந்து விலகினார்கள். கடையும் சரக்கும் உள்ளவர்களுக்கு இழக்க நிறைய இருந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தெரு வியாபாரிகளும் கூலி வேலை செய்தவர்களுமான தமிழர்கள் மட்டும் அலை அலையாகச் சிறைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களில் சாமி நாகப்பன் என்ற பதினெட்டு வயது இளைஞர், சிறைப் பணி முகாமின் குளிரில் நுரையீரல் நோய் கண்டு, விடுதலையாகிச் சில நாள்களில், 1909 ஜூலையில் இறந்தார். நம்மைவிட இளையவர்.

சிறை போதாதென்று அரசு நாடு கடத்தத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவிலேயே வேரூன்றிவிட்ட தமிழர்களைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பியது. இந்தியாவையே பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய அவர்களுக்குப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் தங்க இடமும் உணவும் தந்து உதவினார். அவர்களில் சிலர் மீண்டும் கப்பலேறித் திரும்பினார்கள். நாராயணசாமி என்பவரைத் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்கவே விடவில்லை. கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு 1910 அக்டோபரில் டெலகோவா வளைகுடாவில் உயிர் விட்டார். கையில் தாள் இல்லாத மனிதனுக்குக் கரையே இல்லாமல் போயிற்று.

சிறை சென்றோரின் குடும்பங்களைக் காக்க 1910இல் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் தந்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. தம்பி நாயுடுவின் குடும்பமும் பண்ணை வாழ்வில் பங்கேற்றது.

பெண்கள் எழுந்தார்கள்

1913இல் போராட்டம் புது வடிவம் எடுத்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருளில் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் மீது மூன்று பவுண்டு தலைவரியும் இருந்தது. பண்ணையிலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. அவர்களில் வீரம்மாளும் ஒருவர். அனுமதிச் சீட்டில்லாமல் எல்லையைக் கடந்து நேட்டாலின் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குள் நுழைந்தார்கள். உடன் சென்ற தம்பி நாயுடு, சுரங்கத் தொழிலாளர்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசினார். வேலைநிறுத்தம் மூண்டது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். அடுத்து எல்லை கடந்த பெண்களில் ஒருவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்று வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார்.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி நீங்கியது, திருமணங்கள் செல்லுபடியாயின. காந்தியடிகள் ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். பிரிவு உபசாரத்தின்போது தம்பி நாயுடு தம் நான்கு புதல்வர்களையும் நாட்டுப் பணிக்கென அவரிடம் ஒப்படைத்தார். சிறுவர்கள் இந்தியா சென்று ஆசிரமத்தில் வளர்ந்தார்கள். தந்தை ஜொகனஸ்பர்க்கிலேயே இருந்து, தமிழர் நலச் சங்கத்தின் வழியாகத் தொண்டைத் தொடர்ந்தார். 1933இல் காலமானார்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று

நம்மவர் பெருமையைப் பேசும்போது ஒன்றை மறைத்துப் பேசினால் அது பெருமை ஆகாது. டிரான்ஸ்வாலில் கறுப்பின மக்கள் பல காலமாகவே அனுமதிச் சீட்டு சுமந்து கொண்டிருந்தார்கள். இந்தியர்களின் போராட்டம் அவர்களுக்காகக் குரல் கொடுக்கவில்லை. தங்களை அவர்களோடு சேர்த்துவிடக் கூடாது என்ற எண்ணம்கூட அன்று பலரிடம் இருந்தது. தமிழ்ப் பெண்கள் எல்லை கடந்த அதே 1913இல், ப்ளூம்ஃபோன்டேனில் கறுப்பினப் பெண்கள் தங்கள் அனுமதிச் சீட்டுகளை எறிந்துவிட்டுச் சிறை சென்றார்கள். இரண்டும் ஒரே நாட்டில் நடந்த ஒரே வகைப் போராட்டம். ஆனாலும் இரண்டு தனித்தனி ஆறுகள்.

அந்த ஆறுகள் பின்னர் கலந்தன. ஆசிரமத்தில் வளர்ந்து திரும்பிய மகன் நாராயணசாமி நாயுடு, தொழிற்சங்கத்திலும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசிலும் பாடுபட்டார். பேத்தி சாந்தி நாயுடு தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். பேரன் இந்திரஸ் நாயுடு, மண்டேலா இருந்த ராபன் தீவில் பத்தாண்டுகள் கழித்தார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1986இல்தான் அந்தச் சட்டங்கள் ஒழிந்தன. தாத்தா தம்மவர்க்காகத் தொடங்கியதைப் பேரப்பிள்ளைகள் எல்லாருக்குமாக நடத்தினார்கள்.

இன்றைய நமக்கு

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அடையாள அட்டை 1948இல் அவசரகாலத்தோடு வந்தது. அன்றிலிருந்து மூன்று தலைமுறைகள் அதனோடு வாழ்ந்துவிட்டோம். அட்டையால் நமக்குக் கிடைக்கும் நன்மைகளை நான் மறுக்கவில்லை. மருத்துவமனை, பள்ளி, வங்கி எல்லாம் அதனால்தான் எளிதாகின்றன. ஆனால் தம்பி நாயுடு கேட்ட கேள்விகள் பழையவை ஆகிவிட்டனவா?

2020இல் கொவிட் காலத்தில் ட்ரேஸ்டுகெதர் செயலி வந்தபோது, அதன் தரவு தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிய வந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. 2019 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் கண்டபடி அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரிலோ, வணிகப் பதிவுக்கான அரசு இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் முழு எண்ணும் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது, அரசு மன்னிப்புக் கேட்டது. இங்கே சிறை இல்லை, தடியடி இல்லை. இரண்டு நிகழ்வையும் கறுப்புச் சட்டத்தோடு ஒப்பிடுவது சரியாகாது. ஆனால் மக்கள் மனம் ஏன் சுருங்கியது என்று பார்த்தால், காரணம் ஒன்றே: ஒன்றுக்கென்று கொடுத்தது வேறொன்றுக்குப் போனது.

இந்தியாவில் பத்து விரல் ரேகையும் கருவிழியும் பதியும் ஆதார் திட்டத்தை எதிர்த்து, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு ஆதார் செல்லும் என்ற தீர்ப்பு வந்தாலும், தனியார் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்ற வரம்பும் சேர்ந்தே வந்தது. முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. 1914இலும் அப்படித்தான்.

கடைசியாக என் பாட்டியிடம் வருகிறேன். தம்பி நாயுடு சான்றிதழை எரித்தார். என் பாட்டி ஓர் அட்டைக்காக வாழ்நாள் எல்லாம் காத்திருந்தார். இருவரும் எதிரெதிர் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. நான் இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்பதற்கு ஒரு தாள் சாட்சியாக இருக்கட்டும், அந்தத் தாளே எனக்கு எசமானாக வேண்டாம் என்றார் அவர். பாட்டி கேட்டதும் அதுவே. தாளுக்கு மனிதன் அல்ல, மனிதனுக்குத்தான் தாள்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இதே நகரத்தில் மென்பொருள் எழுதுவோம், வரவேற்பு மேசைகளை நிர்வகிப்போம், மனிதவளத் துறையில் படிவங்களைத் தயாரிப்போம். அட்டையைக் கேட்கும் இடத்தில் நாமே இருப்போம். அப்போது இரண்டு கேள்விகளை மட்டும் நமக்குள் கேட்டுக் கொள்வோம். இது உண்மையிலேயே தேவைதானா? எதற்கென்று சொல்லி வாங்குகிறோமோ அதற்கு மட்டும்தானா? அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்த்த அண்ணனின் கை, கேட்கும் முன்பே பைக்குள் போக வேண்டிய தேவை இல்லாத நாள் வந்தால், தம்பி நாயுடுவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகத்தான் இருக்கும்.